ஆண்டு முழுவதும் ஒரே செபம்தானா? திருவழிபாட்டுக் காலங்களோடு சேர்ந்து செபிப்பது பற்றி

வைகறை

அனைவருக்கும் வணக்கம். நீண்ட நாளாக மனதில் இருக்கும் கேள்வி இது. கோவிலில் காலத்துக்குக் காலம் எல்லாம் மாறுகிறது. ஊதா, வெள்ளை, பச்சை என்று திருவுடை மாறுகிறது. பாடல்கள் மாறுகின்றன, வாசகங்கள் மாறுகின்றன. நான் தனியாக உட்கார்ந்து செபிக்கும்போது மட்டும் எல்லா மாதமும் ஒரே செபம். காலையில் வழக்கமான செபங்கள், இரவில் செபமாலை, அப்புறம் அன்றைய தேவைகள். இதில் தவறு எதுவும் இல்லை என்று தெரியும். ஆனாலும் கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலம் வந்து போகிறது, உயிர்ப்புக் காலம் வந்து போகிறது, என் செபத்துக்கு அது தெரிவதே இல்லை.

தவக்காலத்தில் மட்டும் சிலுவைப்பாதை சேர்ந்துகொள்ளும். அதன் பிறகு பழையபடி. ஒவ்வொரு காலத்துக்கும் புதிய செபங்களைச் சேர்த்தால் தொடர்ந்து செய்வது கடினம். காலையில் கால்மணி, இரவில் கால்மணி, அவ்வளவுதான் எனக்குக் கிடைக்கும் நேரம். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? செபப் புத்தகங்களின் பட்டியல் வேண்டாம். உண்மையில் கடைப்பிடிப்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெடுவழி

சகோதரி, புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். இருப்பதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

நான் பதிலுரைப் பாடலைத்தான், அதாவது முதல் வாசகத்துக்குப் பின் வரும் திருப்பாடலைத்தான், பிடித்துக்கொள்கிறேன். ஞாயிறு திருப்பலியில் வரும் திருப்பாடலை வீட்டில் எடுத்து, அந்த வாரம் முழுவதும் காலையில் அதையே செபமாகச் சொல்கிறேன். கோவிலில் அதன் சில அடிகள்தான் வரும். வீட்டில் முழுதாக வாசிக்கலாம். திங்கள்கிழமை அது யாரோ எழுதிய பாடலாக இருக்கும். வியாழக்கிழமைக்குள் ஏதாவது ஓர் அடி நம்மைப் பிடித்துக்கொள்ளும். இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார், செய்த தியானத்துக்கே திரும்பிப் போகச் சொல்வார். மனம் அசைந்த இடத்திலும் வறண்ட இடத்திலும் நின்று பார்க்கச் சொல்வார். ஒரு வாரத்துக்கு ஒரே பாடல் என்பது எனக்கு அந்த வேலையைச் செய்கிறது. ஞாயிறு வாசகங்கள் காலத்தை ஒட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதால், பாடலைப் பிடித்துக்கொண்டால் காலமும் கூடவே வந்துவிடும்.

திருவருகைக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறு, அதாவது நவம்பர் 27 முதல் டிசம்பர் 3க்குள் வரும் ஞாயிறு, திருவழிபாட்டு ஆண்டின் முதல் நாள். அன்று வாசிக்கப்படும் நற்செய்தியில் குழந்தை இயேசு இல்லை, இடையர்கள் இல்லை. ஞாயிறு நற்செய்திகள் மூன்றாண்டுச் சுற்றில் வரும். மத்தேயு ஆண்டில் நோவாவின் காலத்தைப் பற்றிய பகுதி. மாற்கு ஆண்டில் வீட்டுத் தலைவர் எந்த வேளையில் வருவாரோ என்று விழித்திருக்கும் பணியாளர்கள். லூக்கா ஆண்டில் கதிரவனிலும் நிலாவிலும் தோன்றும் அடையாளங்கள். மூன்றுமே ஆண்டவர் மாட்சியோடு வரப்போவதைப் பேசுபவை. டிசம்பர் 16 வரை திருச்சபையின் பார்வை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 17 முதல் 24 வரைதான் நேராகப் பிறப்பை நோக்கித் திரும்புகிறது.

இதை அறிந்த பிறகு என் செபமே மாறிவிட்டது. டிசம்பர் முதல் பாதியில் "ஆண்டவரே, வாரும்" என்று சொல்லும்போது என் வாழ்வின் முடிவையும் நினைத்துத்தான் சொல்கிறேன். யாரிடம் பேசாமல் இருக்கிறேன், எதை முடிக்காமல் வைத்திருக்கிறேன் என்பதெல்லாம் தானாகவே வந்து நிற்கும். புனித பெர்னார்டு ஆண்டவரின் மூன்று வருகைகளைப் பற்றிப் பேசுகிறார். முதல் வருகை மனித உடலில், இறுதி வருகை மாட்சியில். இடையில் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நமக்குள் நடப்பது. திருவருகைக் காலத்தின் முதல் வாரப் புதன்கிழமை திருப்புகழ்மாலையில், அதாவது திருச்சபை நாள்தோறும் வேளைக்கு வேளை சொல்லும் பொதுச் செபத்தில், அந்த மறையுரையை வாசிக்கிறோம். அந்த நடு வருகைக்காகத்தான் காலையில் அந்தக் கால்மணி நேரம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

17ஆம் தேதி முதல் மாலையில் மரியாவின் பாடலுக்கு முன்னால் சொல்லும் முன்மொழிகள் உண்டு. ஞானமே, இஸ்ரயேல் குலத்தின் ஆண்டவரே, ஈசாயின் தளிரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே என்று 23 வரை நாளுக்கு ஒன்றாக ஏழு. எல்லாமே "வாரும்" என்றுதான் கேட்கும். நேரம் இல்லாத நாளில் இந்த ஒற்றை அழைப்பே மாலைச் செபமாகப் போதும். சிறைக்கதவின் முன் நிற்கும் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு "தாவீதின் திறவுகோலே, வாரும்" என்று சொல்லிப் பாருங்கள்.

சிறுவிதை

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நீண்ட செபம் நடக்காது. எங்களுக்கு உதவுவது இரண்டே விஷயங்கள்.

ஒன்று, காலை, நண்பகல், மாலை என்று மாதாவை நினைத்துச் சொல்லும் மூவேளைச் செபம். உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவி பெருவிழா வரை அதற்குப் பதிலாக "பரலோக இராக்கினியே" செபத்தைச் சொல்கிறோம். அது நின்றுகொண்டு சொல்லும் செபம். செபம் மாறியதுமே பிள்ளைகளுக்குக் காலம் மாறியது தெரிந்துவிடுகிறது. இரண்டாவது, திருவருகைக்கால வளையம். மூன்று ஊதா மெழுகுவர்த்தி, ஒரு ரோசா நிற மெழுகுவர்த்தி. மூன்றாம் ஞாயிறு ரோசாவை ஏற்றும்போது "ஏன் இது மட்டும் வேறு நிறம்?" என்று யாராவது ஒருவர் கேட்பார்கள். அன்று மகிழ்ச்சி ஞாயிறு, ஆண்டவர் அண்மையில் இருக்கிறார் என்று சொல்ல அது வாய்ப்பு.

இரவுச் செபத்தின் கடைசியில் மாதாவுக்குச் சொல்லும் செபமும் இப்படிக் காலத்தோடு மாறக்கூடியதுதான். பெரும்பாலோர் ஆண்டு முழுவதும் கிருபை தயாபத்து மந்திரம் மட்டுமே சொல்கிறோம். உயிர்ப்புக் காலத்தில் அங்கேயும் "பரலோக இராக்கினியே" சொல்லலாம்.

பழைய பாடகர்

பாடகர் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். எனக்குக் காலங்களைக் கற்றுக்கொடுத்தது பாடல்தான், அதிலும் பாடாமல் விடுவது.

தவக்காலம் தொடங்கியதும் அல்லேலூயா நின்றுவிடும். நற்செய்திக்கு முன்னால் வேறொரு வாழ்த்தொலி வரும். "உன்னதங்களிலே" பாடலும் தவக்கால ஞாயிறுகளில் இல்லை. புனித யோசேப்பு விழா, மங்கள வார்த்தை விழா போன்ற பெருவிழாக்களிலும் பெரிய வியாழன் மாலையிலும் அது திரும்பி வரும். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு நடக்கும் திருவிழிப்பில், புதிய ஏற்பாட்டு வாசகம் முடிந்ததும், குரு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்தி அல்லேலூயாவைத் தொடங்குவார். நாற்பது நாள் வாயில் வராத சொல் அது. அதைப் பாட வாய் திறக்கும்போது குரல் நடுங்குவது எனக்கு இன்னும் நிற்கவில்லை. நிற்கவும் வேண்டாம்.

தனிச் செபத்திலும் இதைச் செய்யலாம். தவக்காலத்தில் அல்லேலூயாவையும் நமக்கு மிகவும் பிடித்த ஒரு பாடலையும் விட்டுவிடுங்கள். இதற்கு நேரமே தேவையில்லை. அந்த இடம் காலியாக இருப்பது ஒவ்வொரு நாளும் தெரியும்.

இன்னொன்று. திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் மொத்தம் ஏழு. படைப்பு, ஆபிரகாமின் பலி, செங்கடலைக் கடத்தல், எசாயாவிலிருந்து இரண்டு, பாரூக்கு, எசேக்கியேல். தேவையை ஒட்டி மூன்றாகக் குறைக்கலாம், ஆனால் விடுதலைப் பயணம் 14ஆம் அதிகாரத்தை விடவே கூடாது. குறைத்துவிட்டார்கள் என்று வருத்தப்படுவதைவிட, அதற்கு முந்தைய ஏழு நாளில் நாளுக்கு ஒன்றாக வீட்டில் வாசித்துச் செபித்துவிடுங்கள். இரவில் அங்கே போய் உட்காரும்போது அந்த வாசகங்கள் பழகிய முகங்களாக இருக்கும். ஒரு காலத்தில் இந்தத் திருவிழிப்பைச் சனிக்கிழமை காலையிலேயே நடத்தி முடித்துவிடுவார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் சோதனையாக அதை இரவுக்குக் கொண்டுவந்தார். 1955இல் வெளியான சீர்திருத்தத்தோடு அது எல்லாருக்கும் உரியதானது. இருட்டில் ஏற்றும் ஒளியை இருட்டிலேயே காணும் பேறு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அலைவாய்

எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு வரவில்லை, கோபப்படாமல் கேளுங்கள்.

என் அம்மா ஒரு தவக்காலத்தின் கடைசி வாரங்களில் இறந்தார்கள். அந்தத் தவக்காலத்தில் யாரும் எனக்குத் தவத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு உயிர்ப்பு ஞாயிறு வந்தது. சுற்றிலும் எல்லாரும் அல்லேலூயா பாடினார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. ஐம்பது நாளும் அப்படித்தான் போனது. மகிழ வேண்டிய காலத்தில் அழுகிறோமே என்ற குற்ற உணர்வு வேறு. நாட்காட்டியைப் பார்த்து இன்று துக்கம், இன்று மகிழ்ச்சி என்று மனதைத் திருப்ப முடியுமா? அப்படித் திருப்பினால் அது செபமா, நடிப்பா? வாழ்க்கை ஒரு காலத்திலும் வழிபாடு இன்னொரு காலத்திலும் இருக்கும்போது என்ன செய்வது?

நெடுவழி

அம்மாவின் ஆன்மா இறைவனில் இளைப்பாறட்டும். இன்று இரவு அவர்களுக்காகச் செபிக்கிறேன்.

நீங்கள் கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. நான் முதலில் எழுதியதெல்லாம் அதற்குப் பதில் சொல்லாவிட்டால் பயனில்லை.

காலம் நம்மிடம் உணர்ச்சியைக் கேட்பதில்லை என்பதே என் உறுதியான எண்ணம். உயிர்ப்புக் காலம் கிறிஸ்து உயிர்த்தார் என்று அறிவிக்கிறது. நீங்கள் அழுதாலும் அது உண்மை, சிரித்தாலும் அது உண்மை. உங்களுக்கு வாய் திறக்காத நாளில் பக்கத்தில் நின்றவர்கள் உங்களுக்காகவும் பாடினார்கள். சபையாகச் செபிப்பதன் பயன்களில் ஒன்று இது.

உயிர்ப்புக் காலத்து வாசகங்களையே பாருங்கள். எண்கிழமையின், அதாவது உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாள் கொண்டாட்டத்தின், செவ்வாய்க்கிழமை நற்செய்தி என்ன? யோவான் 20இல் கல்லறைக்கு வெளியே நின்று அழும் மகதலா மரியா. திருச்சபையின் மிகப்பெரிய விழா முடிந்து இரண்டே நாளில், அழுகிற ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "ஏன் அழுகிறாய்?" என்று வானதூதர்கள் கேட்கிறார்கள், இயேசுவும் அதையே கேட்கிறார். அழாதே என்று யாரும் கட்டளையிடவில்லை. இயேசு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், அப்போதுதான் அவருக்கு அடையாளம் தெரிகிறது. மறுநாள் எம்மாவு. முகவாட்டத்தோடு ஊரைவிட்டுப் போகும் இருவர். அவர்கள் மகிழ்ச்சிக்குத் திரும்பும்வரை இயேசு காத்திருக்கவில்லை. அவர்கள் போகும் வழியில், தவறான திசையிலேயே, கூட நடக்கிறார். அடுத்த ஞாயிறு ஒவ்வோர் ஆண்டும் தோமா வருவார். உயிர்த்தவரின் உடலில் காயங்கள் இன்னும் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்துக்கு உரிய திருப்பாடல் 88. திருப்பாடல்களிலேயே வெளிச்சம் மிகக் குறைந்த பாடல் அது. மற்ற புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நன்றிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பும். இது திரும்பாது. இருளே என் துணை என்ற நிலையிலேயே முடிந்துவிடும். உயிர்ப்பின் எண்கிழமை கடந்ததும், அந்தக் காலத்து வெள்ளிக்கிழமைகளிலும் திருச்சபை இந்தப் பாடலைச் சொல்லித்தான் தூங்கப் போகிறது. ஆக நீங்கள் அந்த ஐம்பது நாளில் அழுதபோது திருச்சபையின் செபத்துக்கு வெளியே போய்விடவில்லை. உள்ளேயேதான் இருந்தீர்கள்.

கிறிஸ்து பிறப்பிலும் இதையே பார்க்கலாம். 25ஆம் தேதி பிறப்பு. 26ஆம் தேதி கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான். 28ஆம் தேதி மாசில்லாக் குழந்தைகள், பிள்ளைகளை இழந்த தாய்மார்களின் அழுகை. தீவனத் தொட்டிக்குப் பக்கத்திலேயே இவ்வளவு கண்ணீர். மகிழ்ச்சியின் காலம் துயரப்படுகிறவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

கருவிளம்

நெடுவழி சொன்னது எனக்கும் ஆறுதலாக இருக்கிறது. ஆனாலும் மறுபக்கம் ஒன்று உண்டு. காலம் நம் மனநிலைக்கு இடம் தருகிறது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. சில நேரம் அது நம்மை எதிர்க்கவும் வேண்டும்.

என் வாழ்க்கையில் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில் தவக்காலம் எனக்கு ஒட்டவே ஒட்டாது. அப்போது யாராவது "உன் மனநிலையோடு செபி" என்று சொல்லியிருந்தால் நான் நன்றிப் பாடல்களோடு நிம்மதியாக இருந்திருப்பேன். என்னை அசைத்தது திருநீற்றுப் புதனுக்குப் பின்வரும் வெள்ளியும் சனியும் வாசிக்கப்படும் எசாயா 58. நோன்பு இருந்துகொண்டே வேலையாள்களை ஒடுக்குகிறீர்களே என்று கேட்கும் பகுதி. பசித்தவரோடு உணவைப் பகிர்வது, வீடற்றவரை வரவேற்பது, நுகத்தின் பிணையல்களை அவிழ்ப்பது, இவையே நான் விரும்பும் நோன்பு என்கிறார் ஆண்டவர். நானாகத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பக்கத்தை எடுத்திருக்கவே மாட்டேன். காலம் அதை என் கையில் திணித்தது.

அதே போல, எனக்குத் துயரம் இல்லாத நாளில் 88ஆம் திருப்பாடல் வந்தால் யாருக்காகச் சொல்வது? அந்த நேரத்தில் அலைவாய் போல எங்கோ ஒருவர் அதை உண்மையாகவே வாழ்ந்துகொண்டிருப்பார். அவருடைய வாயாக இருந்து சொல்லலாம். துக்கத்தில் இருப்பவர் பிறருடைய அல்லேலூயாவைக் கேட்கிறார், மகிழ்ச்சியில் இருப்பவர் பிறருடைய புலம்பலைச் சொல்கிறார். இப்படிப் பார்த்தால் நடிப்பு என்ற கேள்விக்கே இடமில்லை.

அலைவாய்

நெடுவழி அண்ணா, கருவிளம், இருவருக்கும் நன்றி. மகதலா மரியா செவ்வாய்க்கிழமை வருகிறார் என்பது எனக்குத் தெரியாது. அந்த வாரம் நான் வாசகங்களைத் திறந்தே பார்க்கவில்லை. இந்த ஆண்டு பார்ப்பேன்.

ஒரு சின்னக் கேள்வி. உயிர்ப்புக் காலத்தில் இறந்தவர்களுக்காகச் செபிப்பது பொருத்தமா? நவம்பர்தான் அதற்குரிய மாதம் என்று ஒருவர் சொன்னார்.

பழைய பாடகர்

தாராளமாகச் செபிக்கலாம் அம்மா. ஒவ்வொரு திருப்பலியிலும், எந்தக் காலமாக இருந்தாலும், நற்கருணை மன்றாட்டில் இறந்தவர்களை நினைவுகூர்கிறோம். நவம்பர் 2 எல்லா ஆன்மாக்களின் நினைவு நாள் என்பதால் அந்த மாதம் அதற்குச் சிறப்பானது, அவ்வளவுதான்.

உண்மையில் உயிர்ப்புக் காலத்தைவிடப் பொருத்தமான நேரம் எது? திருவிழிப்பில் ஏற்றும் பாஸ்கா திரியைக் காலம் முடிந்ததும் திருமுழுக்குத் தொட்டியின் அருகே வைப்பார்கள். திருமுழுக்கின்போது அதிலிருந்துதான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அடக்கத் திருப்பலியில் பெட்டியின் அருகே அதே திரியை ஏற்றி வைப்பார்கள். உங்கள் அம்மாவுக்காக அந்த ஐம்பது நாளும் செபியுங்கள். "பரலோக இராக்கினியே" சொல்லும்போது அவர்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகனை இழந்து திரும்பப் பெற்ற தாயிடம்தானே பேசுகிறோம்.

புதியவன்

இடையில் ஒரு சந்தேகம். தவக்காலம் நாற்பது நாள் என்கிறோம். நான் எண்ணிப் பார்த்தால் கூடுதலாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நோன்பு உண்டா?

சிறுவிதை

திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை 46 நாள். அதில் ஆறு ஞாயிறுகளை விட்டால் 40. ஞாயிறு எப்போதும் உயிர்ப்பின் நாள், அதனால் நோன்பு நாளாகக் கொள்வதில்லை. தவக்காலம் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்பே முடிந்து, அங்கே முப்பெரும் நாள்கள் தொடங்குகின்றன. நோன்பும் இறைச்சி தவிர்த்தலும் இரண்டும் கட்டாயமான நாள்கள் திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும். நோன்புச் சட்டம் 18 வயது நிறைந்தவர் முதல் 60ஆம் வயதில் அடியெடுத்து வைக்கும் வரை, இறைச்சி தவிர்ப்பது 14 வயது முதல். நோயாளிகள் தங்களை வருத்திக்கொள்ள வேண்டாம், பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைகறை

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. பதிலுரைப் பாடலை இந்த ஞாயிறே தொடங்கிவிட்டேன்.

பொதுக்காலத்தைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆண்டில் பெரும்பகுதி அதுதானே? எனக்கு மிகவும் வறண்டு போவது அந்த மாதங்களில்தான். காத்திருக்க ஒன்றும் இல்லை, தவம் செய்யவும் ஒன்றும் இல்லை.

நெடுவழி

ஆம், 33 அல்லது 34 வாரம். ஆண்டவரின் திருமுழுக்கு விழாவுக்குப் பிறகு தொடங்கி, திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நாளோடு நிற்கும். தூய ஆவி பெருவிழாவுக்கு மறுநாள் திங்கள்கிழமை திரும்பத் தொடங்கி, அடுத்த திருவருகைக் காலம் வரை ஓடும்.

நான் ஒருவேளை மிகைப்படுத்துகிறேனோ தெரியவில்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது பொதுக்காலம்தான். மற்றக் காலங்களில் நற்செய்தியின் பெரிய நிகழ்ச்சிகளைப் பார்க்கிறோம். பொதுக்காலத்தில் இயேசுவோடு அன்றாடம் நடக்கிறோம். ஞாயிறு நற்செய்தி ஒரே நற்செய்தியாளரைத் தொடர்ச்சியாகப் பின்பற்றும். மூன்றாண்டுச் சுற்றில் முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. மாற்கு சிறியது என்பதால் இரண்டாம் ஆண்டில் 17 முதல் 21 வரையிலான ஞாயிறுகளில் யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் வருகிறது. ஐந்து ஞாயிறும் வாழ்வு தரும் உணவு. அந்த ஐந்து வாரமும் நற்கருணையைத் தவிர வேறெதையும் தியானிக்க வேண்டாம் என்று தோன்றும்.

இந்த ஒழுங்கு இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்தது. விவிலியத்தின் கருவூலங்களை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று சங்கம் 1963இல் கேட்டது. புதிய நாட்காட்டியைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1969இல் ஒப்புதல் அளித்து வெளியிட்டார். அந்தக் கருவூலம் திறந்து கிடப்பது முழுக்கப் பொதுக்காலத்தில்தான் நமக்குப் பயன்படுகிறது.

செய்ய வேண்டியது எளிது. பொதுக்காலம் தொடங்கும்போது அந்த ஆண்டின் நற்செய்தியை எடுத்து, காலையில் ஒரு பத்தி. முடிந்தால் திரும்ப முதலிலிருந்து. வறட்சியாக இருந்தாலும் அந்தப் பத்தியை விடாதீர்கள். லூக்கா ஆண்டில் இது இன்னும் நன்றாக அமையும். 9ஆம் அதிகாரத்தில் இயேசு எருசலேமை நோக்கித் திரும்பிய பிறகு வழியில் செபத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கற்பிக்கிறார். 17ஆம் ஞாயிறு "எங்களுக்கு இறைவனிடம் வேண்டக் கற்றுக்கொடும்" என்று சீடர் கேட்பது, 29ஆம் ஞாயிறு விடாமல் நடுவரைத் தொந்தரவு செய்யும் கைம்பெண், 30ஆம் ஞாயிறு பரிசேயரும் வரிதண்டுபவரும். வறண்டுபோன மாதங்களில் அந்தக் கைம்பெண்ணைவிட நல்ல துணை கிடைக்காது.

நவம்பரில் வாசகங்கள் மெல்ல முடிவை நோக்கித் திரும்பும். 33ஆம் ஞாயிறு உலக முடிவு. கடைசி ஞாயிறு கிறிஸ்து அரசர். 1925இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் ஏற்படுத்திய அந்த விழா முன்பு அக்டோபரின் கடைசி ஞாயிறு இருந்தது. புதிய நாட்காட்டி அதை ஆண்டின் கடைசி ஞாயிறுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வாரம் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, அங்கேயும் அதே பேச்சு: விழித்திருங்கள். ஆக, காத்திருக்க ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொல்லும் காலம் முழுவதுமே காத்திருப்பை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

கருவிளம்

ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் பலர் களைத்துப்போய்ச் செபத்தை விட்டுவிடுகிறோம். நாற்பது நாள் உழைத்தோம், ஐம்பது நாள் கொண்டாட மறந்துவிடுகிறோம். அந்த நாள்களில் முதல் வாசகம் திருத்தூதர் பணிகளிலிருந்துதான் வரும். அதை நாள்தோறும் ஒரு பகுதியாக வாசித்தால் ஐம்பது நாளுக்குள் நூல் முழுவதும் முடிந்துவிடும். விண்ணேற்றத்துக்கும் தூய ஆவி பெருவிழாவுக்கும் இடையே மரியாவோடும் திருத்தூதர்களோடும் மேல்மாடி அறையில் செபித்த ஒன்பது நாள்கள்தான் நவநாள்களுக்கெல்லாம் முன்மாதிரி. தவக்காலத்தில் எவ்வளவு உறுதியாக இருந்தோமோ அவ்வளவு உறுதியை இந்த ஒன்பது நாளுக்கும் கொடுங்கள்.

வைகறை

சரி, என் முடிவை எழுதிவைக்கிறேன், விட்டுவிட்டால் நீங்கள் கேட்கலாம். காலையில் ஞாயிறு திருப்பாடல். பொதுக்காலத்தில் அதோடு அந்த ஆண்டின் நற்செய்தியிலிருந்து ஒரு பத்தி, உயிர்ப்புக் காலத்தில் திருத்தூதர் பணிகள். தவக்காலத்தில் அல்லேலூயாவும் எனக்குப் பிடித்த ஒரு பாடலும் கிடையாது. டிசம்பர் 17 முதல் மாலையில் ஓர் அழைப்பு. வெள்ளிக்கிழமை இரவு செபமாலைக்குப் பிறகு திருப்பாடல் 88, துயரத்தில் இருக்கும் யாருக்காகவாவது. இரவில் செபமாலை வழக்கம்போலத் தொடரும்.

கடைசியாக ஒன்று. எந்த ஆண்டு எந்த நற்செய்தியாளர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு முறையும் யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கிறது.

சிறுவிதை

ஆண்டு எண்ணை 3ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி இல்லாமல் வகுபட்டால் லூக்கா. மீதி 1 என்றால் மத்தேயு, மீதி 2 என்றால் மாற்கு. 2025 லூக்கா, 2026 மத்தேயு, 2027 மாற்கு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறே புத்தாண்டு என்பதால், அன்று முதல் டிசம்பர் முடியும் வரை அடுத்த ஆண்டின் எண்ணை எடுத்துக் கணக்கிட வேண்டும். வார நாள் திருப்பலியின் முதல் வாசகத்துக்குப் பொதுக்காலத்தில் இரண்டாண்டுச் சுற்று. ஒற்றைப்படை ஆண்டு என்றால் முதல் ஆண்டு, இரட்டைப்படை என்றால் இரண்டாம் ஆண்டு.